பெகி ஆஷ்கிராஃப்டின் திரைநடிப்பு: சொல் குறையுமிடத்து மிகும் பொருள்

ஆய்வுச்சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டு ஆங்கில நாடக மேடையின் முதன்மைக் கலைஞர்களுள் ஒருவரான பெகி ஆஷ்கிராஃப்ட் (1907–1991), திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் பெரும்புகழ் எய்தியது எழுபது வயதைக் கடந்த பின்னரே ஆகும். அப்புகழை முதுமையில் வாய்த்த நற்பேறாகக் கருதும் போக்கு பரவலாக உள்ளது. 1935 முதல் 1989 வரை அவர் ஏற்ற முதன்மையான திரைப்பாத்திரங்களை நோக்கும் இக்கட்டுரை, அவரது திரைநடிப்பின் அடிப்படை இயல்பு தொடக்கத்திலேயே உருப்பெற்றுவிட்டது என்பதையும், அது முழுமையாக வெளிப்படுவதற்குரிய களத்தைத் தொலைக்காட்சி நாடகமே அமைத்துத் தந்தது என்பதையும் விளக்குகிறது.

முதன்மைச் சொற்கள்: பெகி ஆஷ்கிராஃப்ட், திரைநடிப்பு, பிரித்தானியத் தொலைக்காட்சி நாடகம், டேவிட் லீன், பால் ஸ்காட், மௌனம்.

முன்னுரை

1985 மார்ச் 25 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடைபெற்ற ஆஸ்கர் விருது விழாவில், சிறந்த துணை நடிகைக்கான விருது 'எ பாசேஜ் டு இந்தியா' திரைப்படத்தில் திருமதி மூராக நடித்த பெகி ஆஷ்கிராஃப்டுக்கு அறிவிக்கப்பட்டது. அவர் விழாவுக்கு வரவில்லை. அவர் சார்பில் நடிகை ஏஞ்சலா லான்ஸ்பரி விருதைப் பெற்றுக்கொண்டார். அப்போது ஆஷ்கிராஃப்டுக்கு வயது 77. அதுவரை அவ்விருதைப் பெற்றவர்களுள் அவரே மிக மூத்தவர். படத்தின் இயக்குநர் டேவிட் லீனுக்கும் அன்றுதான் 77 வயது நிறைந்தது. இருவரும் இலண்டனுக்குத் தெற்கே உள்ள கிராய்டன் நகரில் மூன்று மாத இடைவெளியில் பிறந்தவர்கள். ஒருவர் பத்தொன்பது வயது முதல் திரைப்படத் தொழிலிலேயே வாழ்ந்தவர். மற்றவர் ஏறத்தாழ அதே வயதில் மேடை ஏறி, திரையை விருந்தாளியாகவே எட்டிப் பார்த்து வந்தவர். இருவரும் ஒரு படத்தில் இணைவதற்கு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆயின.

இந்தக் காலத்தாழ்வே ஆஷ்கிராஃப்டின் திரைப்பணி குறித்த வழக்கமான கதையாடலுக்கு அடிப்படை. மேடையில் ஒப்பற்று விளங்கிய நடிகை ஒருவரை எழுபத்தைந்தாம் வயதில் ஒளிப்படக்கருவி 'கண்டுபிடித்தது' என்பதே அக்கதையாடல். கேட்பதற்கு இனிமையானது, ஆனால் முழு உண்மையன்று. அவரது முதல் குறிப்பிடத்தக்க திரைப்பாத்திரத்தையும் இறுதிக்காலப் பாத்திரங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு, இடையில் ஐம்பது ஆண்டுகள் ஓடியுள்ளன என்பதைக் காட்டிலும் இரண்டிலும் ஒரே முறைமை தொழிற்படுகிறது என்பதே முதலில் புலப்படும். அறிந்ததைச் சொல்லாத பெண், சொன்னாலும் செவிமடுக்கப்படாத பெண் என்னும் இருவகைப் பாத்திரங்களையே அவர் திரையில் மீண்டும் மீண்டும் ஏற்றார்.

1935: இரு மார்கழிகளுக்கு இடையே ஓர் ஆண்டு

1930இல் இலண்டன் சவாய் அரங்கில் பால் ரோப்சன் ஒதெல்லோவாக நடித்தபோது டெஸ்டிமோனாவாக நடித்தவர் ஆஷ்கிராஃப்ட். 1935இல் நியூ தியேட்டரில் ஜான் கீல்குட்டும் லாரன்ஸ் ஒலிவியரும் ரோமியோ, மெர்குஷியோ பாத்திரங்களை மாற்றி மாற்றி நடித்த புகழ்பெற்ற தயாரிப்பில் அவரே ஜூலியட். ஆங்கில நாடக வரலாற்று நூல்கள் இந்த ஜூலியட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. ஆனால் இன்றைய ஆய்வாளர் பார்ப்பதற்கு அதன் அசைபடப் பதிவு கிடையாது. அதே ஆண்டில் வெளிவந்த ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'தி 39 ஸ்டெப்ஸ்' படத்தில் அவர் தோன்றும் சில நிமிடங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. இருபத்தேழு வயது ஆஷ்கிராஃப்ட் எப்படி நடித்தார் என்பதற்குக் கிடைக்கும் மிக முக்கியமான சான்று, கதைத்தலைவி அல்லாத ஒரு குடியானவர் மனைவியின் பாத்திரமே என்பது கவனத்திற்குரியது.

கொலைப்பழி சுமத்தப்பட்டுத் தப்பியோடும் ஹேனி (ராபர்ட் டோனட்), ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் ஒரு சிறு பண்ணைவீட்டில் ஓர் இரவு தங்க இடம் கேட்கிறான். வீட்டுக்காரன் (ஜான் லாரி) வயதில் மூத்தவன். பக்தியும் பணத்தாசையும் ஐயமும் ஒருங்கே கொண்டவன். அவனுடைய இளம் மனைவி மார்கரெட், கிளாஸ்கோ நகரத்தில் வளர்ந்து இந்த வெறுமைக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவன் வெளியே சென்றிருக்கும் சிறுபொழுதில் அவள் விருந்தினனிடம் இலண்டன் பெண்களைப் பற்றிக் கேட்கிறாள். அக்கேள்வியில் ஏக்கம் உண்டு. குறை கூறும் தொனி இல்லை. பின்னர் உணவுக்கு முன் கணவன் கண்மூடி வேண்டுதல் சொல்லும்போது, மேசைமேல் கிடக்கும் செய்தித்தாளில் ஹேனியின் பார்வை பதிவதை அவள் காண்கிறாள். செய்தியைத் தானும் படிக்கிறாள். வந்திருப்பவன் யார் என்பது அவளுக்கு விளங்குகிறது. இவ்வளவும் ஒரு சொல்லும் இன்றி, கணவனின் வேண்டுதல் ஒலிக்குள்ளேயே நடந்து முடிகிறது. கணவனோ அந்தப் பார்வைப் பரிமாற்றத்தைக் காமம் என்று தவறாக வாசிக்கிறான். வெளியே சென்று பலகணி வழியாக அவன் உளவு பார்க்கையில், உள்ளே அவ்விருவரும் பேசுவது அவனுக்கும் கேட்பதில்லை, பார்வையாளருக்கும் கேட்பதில்லை.

இரவில் காவலர் வருவதை உணர்ந்து ஹேனியை எழுப்பி, கணவனின் மேலங்கியை அணிவித்து அனுப்புபவள் அவளே. அந்த அங்கியின் பையில் இருந்த வழிபாட்டுப் பாடல் நூல், பின்னர்த் துப்பாக்கிக் குண்டைத் தடுத்து அவன் உயிரைக் காக்கிறது. அங்கியைக் கொடுத்ததற்கு அவள் பெறும் அடியை ஹிட்ச்காக் நேரே காட்டுவதில்லை. அலறல் மட்டுமே கேட்கிறது. கதை அதன்பின் அவளிடம் திரும்புவதே இல்லை. படத்தின் விறுவிறுப்பில் எத்தனையோ துரத்தல்களை மறந்துவிட்டவர்களும் இந்தப் பண்ணைவீட்டை மறப்பதில்லை என்றால், அதற்குக் காரணம் ஆஷ்கிராஃப்ட் தம் முகத்தில் எதையும் 'காட்டாமல்' விட்டதே. மேடை நடிகர் பலர் அக்காலத் திரையில் தம் குரலையும் கையசைவையும் குறைக்கத் தெரியாமல் இடர்ப்பட்டனர். அந்த அளவீடு அவருக்குத் தொடக்கத்திலேயே கைவந்திருந்தது.

இடைக்கால வறட்சியும் அதன் காரணங்களும்

இத்தகைய தொடக்கத்திற்குப் பின் அடுத்த நாற்பது ஆண்டுகளில் அவர் நடித்த திரைப்படங்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். 'ரோட்ஸ் ஆஃப் ஆப்பிரிக்கா' (1936), 'குவயட் வெடிங்' (1941), ஃபிரெட் சின்னமனின் 'தி நன்ஸ் ஸ்டோரி' (1959), 'சீக்ரெட் செரிமனி' (1968) முதலியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றுள் 'தி நன்ஸ் ஸ்டோரி'யில் காங்கோ நாட்டுக் கன்னியர் மடத்தின் தலைவி மதில்டாவாக அவர் தோன்றும் காட்சிகள், கண்டிப்பும் கனிவும் ஒரே பார்வையில் கலந்தவை. ஏனையவை பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை.

வறட்சிக்குத் திறமைக்குறைவு காரணமன்று; தொழில் அமைப்பே காரணம். பிரித்தானியப் படப்பிடிப்புத் தளங்கள் இலண்டனை ஒட்டியே இருந்தமையால், பகலில் படப்பிடிப்பும் மாலையில் மேடையும் என நடிகர்கள் இரு தொழிலும் பார்க்க முடிந்தது. ஆனால் சீரிய நாடகக் கலைஞர்கள் திரைப்பணியை ஊதியத்திற்கான துணைவேலையாகவே எண்ணினர். திரைத்துறையும் தன் பங்குக்குக் கதைத்தலைவியிடம் குறிப்பிட்ட வகை முக அழகையும் நட்சத்திரத் தோரணையையும் எதிர்பார்த்தது. ஆஷ்கிராஃப்டோ ஒரு நாடகக் குழுவின் உறுப்பினராக இருப்பதையே விரும்பியவர்; 1961இல் ராயல் ஷேக்ஸ்பியர் நிறுவனத்தைப் பீட்டர் ஹால் கட்டமைத்தபோது அதன் தூண்களுள் ஒருவராக நின்றவர். குழுவாக இயங்கும் கலையை நம்பிய ஒருவருக்கு, நட்சத்திரத்தை மையமாகக் கொண்ட திரைப்படத்தில் இடம் குறைவாக இருந்ததில் வியப்பில்லை. 1956இல் 'டேம்' பட்டம் பெற்றபோதும் பொதுமக்களிற் பெரும்பாலோர்க்கு அவர் முகம் தெரியாது.

தொலைக்காட்சி என்னும் பாலம்

தொலைக்காட்சியோடு அவருக்கிருந்த உறவு அவ்வூடகத்தின் குழந்தைப்பருவத்திலேயே தொடங்கியது. 1939 ஜனவரி 2 அன்று இலண்டன் ஃபீனிக்ஸ் அரங்கில் நடந்த ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தை பிபிசி நேரடியாக ஒளிபரப்பியது. அதில் வயோலாவாக நடித்தவர் ஆஷ்கிராஃப்ட். அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து எழுந்த அலைகள் இலண்டன் வட்டாரத்தைத் தாண்டவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் போர் மூண்டதும் தொலைக்காட்சியே நிறுத்தப்பட்டது.

1965இல் பிபிசி ஒளிபரப்பிய 'தி வார்ஸ் ஆஃப் தி ரோசஸ்' அவ்வகையில் திருப்புமுனை. ஷேக்ஸ்பியரின் ஆறாம் ஹென்றி, மூன்றாம் ரிச்சர்டு நாடகங்களைப் பீட்டர் ஹாலும் ஜான் பார்ட்டனும் மூன்று நாடகங்களாகச் சுருக்கி அமைத்த மேடைத் தயாரிப்பு அது. ஸ்ட்ராட்ஃபோர்டு மேடையிலேயே பல கருவிகளைக் கொண்டு பதிவு செய்யப்பட்டது. இளம் மணமகளாக பிரான்சிலிருந்து வரும் மார்கரெட், போரை நடத்தும் அரசியாகி, மகனை இழந்து, இறுதியில் அரண்மனையைச் சுற்றித் திரிந்து சாபமிடும் முதியவள் ஆகிறாள். ஐம்பதைக் கடந்த ஆஷ்கிராஃப்ட் அந்த வாழ்நாள் முழுவதையும் ஏற்றார். பரந்த அரங்கிற்கென உருவான குரலும் அண்மைக்காட்சிக்கு ஏற்ற முகமும் ஒரே நடிப்பில் கூடி வருவதை இப்பதிவில் காணலாம். ஜூலியட் காற்றோடு போனாள்; மார்கரெட் எஞ்சினாள்.

எனினும் 1980இல் வெளியான இரண்டு தனிநாடகங்களே அவரைத் தொலைக்காட்சியின் நடிகையாக நிலைநிறுத்தின. டென்னிஸ் பாட்டரின் 'கிரீம் இன் மை காஃபி', இளமையில் திருமணத்திற்கு முன் தங்கிய ஈஸ்ட்போர்ன் கடற்கரை விடுதிக்கு முதுமையில் மீண்டும் வரும் தம்பதியரைப் பற்றியது. கணவனின் எரிச்சலைப் பல்லாண்டுகளாகத் தாங்கிப் பழகிய ஜீனாக ஆஷ்கிராஃப்ட் நடித்தார். ஸ்டீபன் பொலியகாஃப் எழுதிய 'காட் ஆன் எ டிரெயின்' நாடகத்தில் அவரது பாத்திரமோ முற்றிலும் மாறானது. ஐரோப்பாவைக் குறுக்கே கடக்கும் இரவுநேரத் தொடர்வண்டியில், இளம் ஆங்கிலப் பதிப்பாளன் ஒருவனை (மைக்கேல் கிச்சன்) ஏவியும் சீண்டியும் சிறுமைப்படுத்தும் வியன்னா நகரத்து முதியவள் ஃபிரா மெஸ்னர். இருக்கைக்காக அவள் நடத்தும் சண்டை நகைப்புக்குரியது போலத் தொடங்குகிறது. பழைய ஆதிக்க வர்க்கத்தின் அகந்தையும் நாஜிக் காலத்தின் நிழலும் அவளிடம் இருப்பது மெல்லத் தெரிகிறது. ஆஷ்கிராஃப்ட் அவளை வெறுக்கத்தக்கவளாகவும் ஆக்கவில்லை. இரக்கம் கோரவும் இல்லை. 'பாவம், நல்ல கிழவி' என்று பார்வையாளர் முதியவர்களுக்கு இடும் முத்திரையை மறுத்த நடிப்பு இது. இவ்விரு நாடகங்களுக்காகவும் சிறந்த தொலைக்காட்சி நடிகைக்கான பாஃப்டா விருது அவருக்கு 1981இல் வழங்கப்பட்டது.

தொலைக்காட்சித் தனிநாடகம் எழுத்தாளரை மையமாகக் கொண்ட வடிவம். அதில் வயது முதிர்ந்த பெண் கதையின் நடுவே நிற்கலாம், உரையாடல் நீளலாம், முகம் நெடுநேரம் திரையை நிறைக்கலாம். திரைப்படம் நாற்பது ஆண்டுகளாக அவருக்குத் தராததை இவ்வடிவம் தந்தது.

இந்தியக் கதைகள்: பார்பியும் திருமதி மூரும்

இந்தியப் பின்னணியில் ஆஷ்கிராஃப்ட் மூன்று முறை நடித்தார். முதலாவது, ஜேம்ஸ் ஐவரி இயக்கிய 'ஹல்லபலூ ஓவர் ஜார்ஜி அண்ட் பானிஸ் பிக்சர்ஸ்' (1978). ஜோத்பூர் அரண்மனையில் இருக்கும் சிற்றோவியங்களைக் கைப்பற்ற வரும் ஆங்கிலச் சீமாட்டியாக அவர் அதில் வருகிறார். இலேசான அங்கதம், அதில் அவரோடு நடித்த விக்டர் பானர்ஜியே பின்னர் லீனின் படத்தில் மருத்துவர் அஜீஸ்.

இரண்டாவது, கிரானடா நிறுவனம் பால் ஸ்காட்டின் நான்கு நாவல்களைத் தழுவித் தயாரித்த 'தி ஜுவெல் இன் தி கிரவுன்' (1984). பதினான்கு பகுதிகள் கொண்ட இத்தொடரில் அவர் ஏற்ற பார்பி பேச்சலர், அவரது திரைப்பணியின் உச்சம் எனலாம். ஆஸ்கர் பெற்ற திருமதி மூரைக் காட்டிலும் இவளே நிறைவான படைப்பு. மிஷன் பள்ளிகளில் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பார்பி, பாங்கோட் என்னும் கற்பனை மலைநகரத்தில் மேபல் லேட்டன் என்ற முதியவளின் வீட்டில் தங்குகிறாள். ஓயாது பேசுபவள் அவள். மேபலுக்கோ செவிப்புலன் குறைவு. கேட்க விரும்பாதபோது அது இன்னும் குறையும். வெள்ளையர் சமூகத்தின் படிநிலையில் பார்பி கீழ்நிலை. அதிகாரிகளின் மனைவியர் அவளைப் பொறுத்துக்கொள்கின்றனர், மதிப்பதில்லை. மேபல் இறந்ததும் அவளை ரான்பூரில் அடக்கம் செய்ய வேண்டும் என்ற தோழியின் விருப்பத்தை நிறைவேற்றப் பார்பி போராடித் தோற்கிறாள். வீட்டிலிருந்தும் வெளியேற்றப்படுகிறாள். தன் வாழ்நாள் பணியின் அடையாளங்கள் நிறைந்த பெட்டியை எடுத்துவரச் சென்றபோது குதிரைவண்டி கவிழ்ந்து விபத்துக்குள்ளாகிறாள். இறுதியில் மருத்துவமனைக் கட்டிலில் பேச்சை முற்றும் துறந்து, வேண்டியதை எழுதிக் காட்டி, பார்சிகளின் மௌன கோபுரங்களுக்கு மேல் வட்டமிடும் பறவைகளைப் பலகணி வழியே பார்த்திருக்கிறாள். ஸ்காட் அவளுக்குக் குறித்த இறப்பு நாள் 1945 ஆகஸ்டு 6. ஹிரோஷிமா எரிந்த நாள்.

பேச்சு மௌனமாகச் சுருங்கும் இப்பயணத்தை ஆஷ்கிராஃப்ட் படிப்படியாக அமைக்கிறார். தொடக்கத்தில் சொற்கள் ஒன்றையொன்று முந்துகின்றன. கேட்பவர் முகத்தை அவள் கண்கள் தேடிக்கொண்டே இருக்கின்றன. யாரும் கேட்கவில்லை என்று உணருமிடங்களில் வாக்கியம் நடுவில் தளர்கிறது. பிறகு தேடுதல் நிற்கிறது. நகைப்புக்குரிய துணைப்பாத்திரமாக நின்றிருக்கக்கூடியவளின் வழியாகவே பேரரசின் சமயப்பணி, அதன் நல்லெண்ணம், அதன் தோல்வி மூன்றும் வெளிப்படுகின்றன. இந்நடிப்புக்கும் 1985இல் பாஃப்டா விருது கிடைத்தது.

மூன்றாவது லீனின் படம். இ. எம். ஃபாஸ்டர் 1924இல் வெளியிட்ட நாவலின் தழுவலான அதன் படப்பிடிப்பு பெரும்பாலும் பெங்களூரை ஒட்டி நடந்தது. கர்நாடகத்தின் சாவனதுர்க்கம், இராமநகரம் பாறைக்குன்றுகள் மராபார் குகைகள் ஆயின. குகைகளுக்குச் செல்லும் தொடர்வண்டிக் காட்சிகளில் காண்பது நம் நீலகிரி மலை இரயில். கங்கைச் சமவெளிக் கதையில் நீலகிரிச் சரிவுகள் தோன்றுவதைத் தமிழகப் பார்வையாளர் புன்னகையோடு கண்டுகொள்ளலாம்.

மசூதியில் நிலவொளியில் அஜீசைச் சந்திக்கும் திருமதி மூர், காலணியைக் கழற்றிவிட்டே உள்ளே வந்ததாக எளிமையாகச் சொல்கிறார். அந்த எளிமையே நட்புக்கு வித்து. குகையின் எதிரொலி அவருள் எதையோ உடைத்துவிடுகிறது. அஜீஸ் குற்றமற்றவர் என்று அறிந்தும் நீதிமன்றத்தில் சான்று சொல்ல நில்லாமல் கப்பலேறி, கடலிலேயே இறந்துபோகிறார். இந்த விலகலை அறக்கோழைத்தனம் என்றும் கொள்ளலாம். ஆன்மிகச் சோர்வு என்றும் கொள்ளலாம். ஆஷ்கிராஃப்ட் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து பார்வையாளரை ஆற்றுப்படுத்துவதில்லை. எரிச்சலும் களைப்பும் கொண்ட முதியவளாகவே அவரை நிறுத்துகிறார்.

இப்படைப்புகளின் மீது எழுந்த கண்டனத்தையும் இங்குச் சுட்ட வேண்டும். சல்மான் ருஷ்டி 1984இல் எழுதிய 'அவுட்சைட் தி வேல்' கட்டுரையில், இத்தகைய படங்களும் தொடர்களும் பேரரசு குறித்த ஏக்கத்தை மீட்டெடுப்பவை என்றும், தம் வரலாற்றிலேயே இந்தியரைச் சிறுபாத்திரங்களாக்குபவை என்றும் சாடினார். லீனின் படத்தில் பேராசிரியர் காட்போலேயாக ஆங்கிலேயரான அலெக் கின்னஸ் முகச்சாயம் பூசி நடித்தமை ஒன்றே அச்சாடலின் நியாயத்தை உணர்த்தப் போதும். ஆங்கில முதியவளின் மனவேதனை வழியாக இந்தியத் துயரைக் காட்டும் உத்தியின் குறுகலை ஆஷ்கிராஃப்டின் திறமை மறைத்துவிட முடியாது. ஆயினும் ஸ்காட்டின் பார்பி, தொடரின் தலைப்புக்கு மூலமான விக்டோரியா அரசியின் படத்தை மெரிக் என்னும் அதிகாரியிடம் கொடுக்கும்போது, பெயரறியா இந்தியன் அதில் இல்லாமையால் அப்படம் முற்றுப்பெறவில்லை என்கிறாள். கண்டனத்தின் சாரம் கதைக்குள்ளேயே, எவரும் பொருட்படுத்தாத ஒரு கிழவியின் வாயில் வைக்கப்பட்டிருக்கிறது. அதை அவள் சொல்லும்போதும் எதிரே இருப்பவன் கேட்பதற்கு உரியவன் அல்லன்.

இறுதிப் பாத்திரங்கள்

விருதுகளுக்குப் பின் வந்த அழைப்புகளை ஆஷ்கிராஃப்ட் அளந்தே ஏற்றார். 'வென் தி விண்ட் புளோஸ்' (1986) அசைவூட்டப் படத்தில் குரல் மட்டும் அவருடையது. அரசின் கையேட்டை நம்பி அணுகுண்டுத் தாக்குதலுக்கு ஆயத்தமாகும் முதிய தம்பதியருள் மனைவியான ஹில்டாவுக்கும், கணவன் ஜிம்முக்கும் முறையே அவரும் ஜான் மில்ஸும் குரல் தந்தனர். 'மேடம் சூசாட்ஸ்கா' (1988) படத்தில் ஷெர்லி மெக்லெய்ன், ஷபானா ஆஸ்மி ஆகியோருடன் ஒரு பழைய இலண்டன் வீட்டின் உரிமையாளராகத் தோன்றினார்.

பொலியகாஃப் எழுதிப் பீட்டர் ஹால் இயக்கிய பிபிசி படமான 'ஷீஸ் பீன் அவே' (1989) இவற்றினும் வேறானது. குடும்ப ஒழுங்குக்கு அடங்காதவள் என்பதற்காக இளமையில் மனநல விடுதியில் அடைக்கப்பட்ட லில்லியன், அறுபது ஆண்டுகளுக்குப் பின் விடுதி மூடப்படும்போது உறவினரின் வளமான இலண்டன் வீட்டுக்குக் கொண்டுவரப்படுகிறாள். அவள் பேசுவதே அரிது. அவள் மௌனத்தை நோயின் அடையாளமாகவே வீட்டார் கொள்கின்றனர். வீட்டின் தலைவியும் கருவுற்றிருப்பவளுமான ஹேரியட் மட்டும், அந்த மௌனத்தில் தன் நெருக்கடியின் சாயலைக் கண்டு மெல்ல அவள்பால் ஈர்க்கப்படுகிறாள். ஹேரியட்டாக நடித்தவர் ஜெரால்டின் ஜேம்ஸ். ஐந்தாண்டுகளுக்கு முன் கிரானடா தொடரில் மருத்துவமனைக் கட்டிலருகே வந்து பார்பியின் மௌனத்தை எதிர்கொண்ட சாரா லேட்டனும் அவரே. அங்கு மௌனத்தில் முடிந்த உறவு, இங்கு மௌனத்தில் தொடங்குகிறது. இருவரும் வீட்டைவிட்டு வண்டியில் புறப்பட்டுவிடும் காட்சிகளில் லில்லியனின் முகத்தில் அச்சமும் குறும்பும் மாறி மாறி வருவதை, ஸ்காட்லாந்துப் பண்ணைவீட்டு மேசையில் செய்தித்தாளைக் கண்ட இளம் மனைவியின் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. மார்கரெட் வேறொருவனைத் தப்புவித்துவிட்டுத் தான் அந்த வீட்டிலேயே நின்றுவிட்டாள். லில்லியன் புறப்பட்டுவிடுகிறாள்.

1989 வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான வோல்பி கிண்ணம் ஆஷ்கிராஃப்டுக்கும் ஜெரால்டின் ஜேம்ஸுக்கும் கூட்டாக வழங்கப்பட்டது. தனி நட்சத்திரமாக ஒளிர்வதைக் காட்டிலும் குழுவுள் ஒருவராக நிற்பதை விரும்பிய கலைஞர் பெற்ற இப்பெருவிருது, பகிர்ந்துகொண்ட விருதாகவே அமைந்தது. 1991 ஜூன் 14 அன்று அவர் இலண்டனில் காலமானார்.